கிளட்சைத் தின்றது யார்?

சின்னண்ணனின் முன்பல் ஒன்று கொட்டகை வாசலில் விழுந்து கிடந்தது. கோழி ஒன்று வந்து அதைக் கொத்திப் பார்த்து, தின்கிற பொருள் இல்லை என்று விட்டுப் போனது. பல்லை உடைத்தவன் பெரியண்ணன். உடைத்தது ஜாக்கிக் கம்பி. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள்: கிளட்ச். அப்பா விட்டுப்போன பழைய டிராக்டரின் கிளட்சை எவன் தின்றான் என்று கூடப்பிறந்த இரண்டு பேருக்கும் பேச்சு வந்தது. பேச்சு வசவானது, வசவு கம்பியானது. கடைசியில் ரத்தம் துப்பிக்கொண்டு ஒருத்தனும், கம்பியைத் தூக்கிக்கொண்டு ஒருத்தனுமாகத் தங்கை வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

தங்கையின் புருஷன் டிராக்டர் மெக்கானிக். அவளும் அவனோடு பட்டறையில் நிற்பவள்தான். அவன் போல்ட்டைக் கழற்றினால் அவள் கையில் விழும். அவன் கையை நீட்டினால் கேட்காமலே சரியான ஸ்பேனர் வந்து உட்காரும். அன்றைக்கு அவள் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு, துணியை நனைத்துச் சின்னண்ணனின் வாயில் அழுத்தினாள்.

தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்பார்கள். இந்த வீட்டில் படையே தம்பிதான். வரப்பு ஒரு முழம் நகர்ந்துவிட்டது என்று சின்னவன் மண்வெட்டிக் காம்பால் பெரியவனின் இடது முழங்காலைப் பிளந்தான். அதிலிருந்து அந்தக் கால் முழுசாக மடங்குவதில்லை. கால் ஆறி எழுந்த அன்றே பெரியவன் போய்த் தம்பியின் வைக்கோல் போருக்குத் தீ வைத்தான். நிலம் முன்பே பிரிந்ததுதான். வீட்டுக்கு நடுவே சுவர் எழுப்பினார்கள். கிணற்று நீருக்கு முறை வைத்தார்கள். டிராக்டரை மட்டும் பிரிக்க முடியவில்லை. ஆளுக்கு ஒரு வாரம் என்று மாற்றி மாற்றி ஓட்டினார்கள்.

"மாப்பிள்ளை பிரிச்சுப் பாக்கட்டும். யாரு எரிச்சதுன்னு அவர் வாயால சொல்லட்டும். அதுக்கு நான் கட்டுப்படுறேன்" என்றான் பெரியவன்.

"நானும் கட்டுப்படுறேன்" என்றான் சின்னவன். பல் போன இடத்தில் காற்று சீறியது.

இரண்டு பேரும் சேர்ந்து ஒரு விஷயத்துக்கு ஒத்துக்கொண்டதைப் பார்த்து அவளுக்குக் கொஞ்சம் நெஞ்சு குளிர்ந்தது. அது சாயங்காலம் வரைக்கும்கூடத் தாங்கவில்லை. பெரியவன் தனியாகத் திரும்பி வந்தான். "தங்கச்சி, உன் புருஷன் வாயில என் பேரு வந்துச்சுன்னா, உனக்குப் பிறந்த வீடுன்னு ஒண்ணு கிடையாது. தெரிஞ்சுக்க" என்றான். அவன் தலை மறைந்ததும் சின்னவன் வந்தான். அவனுக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. "என் பேரு வந்தா மாப்பிள்ளைக்கு வாயே இருக்காது."

சீ, இதுகளும் அண்ணன்களா என்று நமக்குச் சொல்லத் தோன்றும். அவளால் சொல்ல முடியாது. அம்மாவும் அப்பாவும் போன பிறகு அவளுக்குப் பிறந்த வீடு என்பது அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு கதவு, அந்தப் பக்கம் ஒரு கதவு. சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்தவளை இடுப்பளவு வெள்ளத்தில் தோளில் தூக்கிக்கொண்டு போனவன் பெரியவன். பிரசவத்தில் உயிர் போகக் கிடந்தபோது, "எவ்வளவு வேணுமோ எடுங்க" என்று ரத்தம் கொடுக்கக் கையை நீட்டிக்கொண்டு படுத்தவன் சின்னவன். அந்த இரண்டு கதவும் அடைபட்டால் உலகத்தில் அவளுக்கு முன்னும் பின்னும் யாரும் இல்லை. மத்தளத்துக்காவது இரண்டு பக்கம் அடித்தால் சத்தம் போட முடிகிறது.

"தேய்மானம்னு சொல்லிடுங்க" என்று புருஷனிடம் கெஞ்சினாள். "பழைய வண்டி. தேஞ்சு போச்சு. யார் மேலயும் பழி வேணாம்."

"பிளேட்டைப் பாத்தா பிளேட் சொல்லிடும். நான் ஏன் மாத்திச் சொல்லணும்?"

"நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா பிளேட்டா வந்து நிக்கும்?"

அவன் எண்ணெய்க் கையோடு தலையைச் சொறிந்தான். பொய் சொல்ல வராத மனிதன். ஆனால் பெண்டாட்டி அழுதால் தாங்காத மனிதனும்கூட. "சரி. தேய்மானம். போதுமா?" என்றான்.

முதல் மழை பெய்து மண் பதமாக இருந்தது. ஈரம் காய்வதற்குள் உழுதாக வேண்டும். அதனால் மறுநாள் காலையிலேயே அண்ணன்களின் கொட்டகையில் வேலை தொடங்கியது. பெரியவன் ஒரு மூலையில் சாக்கு மூட்டைமேல் மடங்காத காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தான். சின்னவன் எதிர் மூலையில் குத்துக்காலிட்டான். நடுவில் கிழட்டு டிராக்டர்.

மெக்கானிக் முதலில் கிளட்ச் பெடலைக் கையால் அமுக்கிப் பார்த்தான். நல்ல பெடலில் முதல் ஒரு அங்குலம் சும்மா ஆட வேண்டும். கனமே தெரியக் கூடாது. அந்த ஆட்டம் இருந்தால்தான் உள்ளே பேரிங் ஒதுங்கி நிற்கும், பிளேட் முழுசாகப் பிடிக்கும். இந்தப் பெடல் தொட்டவுடனே முரண்டு பிடித்தது. அவன் குனிந்து, பெடலிலிருந்து உள்ளே போகிற கம்பியைப் பார்த்தான். ஆட்டத்தைக் கூட்டிக் குறைக்கிற நட்டு அதில்தான் இருக்கிறது. வண்டி முழுக்கத் துருவும் சேறும். அந்த நட்டு மட்டும் மூலைகள் தேய்ந்து பளபளத்தது. அடிக்கடி திருகாமல் அப்படி ஆகாது. அவன் அவளைப் பார்த்தான். அவள் தலையை ஆட்டி, வேண்டாம் என்றாள்.

பிறகு ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினான். பிரேக்கை அழுத்திப் பிடித்து, மேல் கியரைப் போட்டு, கிளட்சை மெல்ல விட்டான். கிளட்ச் பிடிக்கிறது என்றால் எஞ்சின் திணறி அங்கேயே செத்துவிட வேண்டும். இது சாகவில்லை. வண்டி அசையாமல் நிற்க, எஞ்சின் பாட்டுக்கு உறுமிக்கொண்டே இருந்தது. அடியில் இருந்த ஓட்டை வழியாகப் புகை கசிந்தது. எரிந்த நாற்றம் கொட்டகையை நிறைத்தது.

"பாத்தியா, பாத்தியா! அவன் வாரத்துல எரிச்சது" என்று பெரியவன் எழுந்தான்.

"யாருடா எரிச்சது? என் வைக்கோலை எரிச்சவன் பேசறான்!" சின்னவன் கையில் கிடைத்த ஸ்பேனரை வீசினான். அது பெரியவனின் காதை உரசிக்கொண்டு போய்த் தகரத்தில் மோதியது. பெரியவன் பாய்ந்து தம்பியின் கழுத்தைப் பிடித்துத் தூணில் சாத்தினான். அவள் நடுவில் புகுந்து இரண்டு பேரையும் பிரிப்பதற்குள் அவளுடைய வளையல்கள் நொறுங்கி மணிக்கட்டில் ரத்தம் வழிந்தது. அதைப் பார்த்த பிறகுதான் இரண்டு பேரும் அவரவர் மூலைக்குப் போனார்கள்.

"வண்டியைப் பிரிக்கணும்" என்றான் மெக்கானிக், எதுவுமே நடக்காதது மாதிரி.

கிளட்சை எட்ட வேண்டும் என்றால் டிராக்டரை நடுவிலே இரண்டாகப் பிரித்தாக வேண்டும். எஞ்சினும் முன்சக்கரமும் ஒரு பாதி, கியர் பெட்டியும் பெரிய சக்கரங்களும் ஒரு பாதி. முன்பாதி தானாக நிற்காது. அதன் அச்சு நடுவில் ஒரே ஒரு முளையில் ஆடுவது. விட்டால் எஞ்சின் பக்கவாட்டில் உருண்டுவிடும். அதற்காக அச்சுக்கு மேலே இரண்டு பக்கமும் மரத்தாலான ஆப்பு அடிக்க வேண்டும். அந்த ஆப்புகளைச் சம்மட்டியால் அடித்து இறுக்கியது அவள்தான். எப்போதும் அவள்தான் அடிப்பாள். பின்புறம் எஞ்சினுக்குக் கீழே இரும்புத் தாங்கி வைத்தார்கள். குழாய்களையும் வயர்களையும் விலக்கி, போல்ட்டுகளைக் கழற்றி, புருஷனும் பெண்டாட்டியும் மூச்சுப் பிடித்துத் தள்ளியதில் பின்பாதி முனகிக்கொண்டே விலகியது. நடுவில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு வெளிச்சம் விழுந்தது.

அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட்டை அவிழ்த்ததும் கிளட்ச் பிளேட் அவள் கையில் விழுந்தது.  தேய்மானம் என்றால் பிளேட் சீராக மெலிந்திருக்கும். இது கருகி, வெடித்து, ஆணித் தலைகள் வெளியே துருத்திக்கொண்டு கிடந்தது. அந்த ஆணிகள் உழுத கோடுகள், எஞ்சினோடு சுழல்கிற கனத்த சக்கரமான ஃப்ளைவீலில் வட்டம் வட்டமாக இருந்தன. நடுநடுவே வெந்துபோன நீலத் திட்டுகள். பேரிங்கைச் சுழற்றினால் மணலை அரைப்பது மாதிரி நறநறத்தது. ஒரு கணமும் ஓய்வில்லாமல் அழுந்திக்கொண்டே இருந்த பேரிங். பட்டறையில் நிற்கிற எவருக்கும் இது புரியும்.

"என்ன மாப்பிள்ளை?" என்றான் பெரியவன்.

மெக்கானிக் கையைத் துணியில் துடைத்தான். "தேய்மானம் மச்சான். வயசான வண்டி."

"தேய்மானமா?" பெரியவன் காலை இழுத்துக்கொண்டு வந்து பிளேட்டைப் பிடுங்கினான். "இவ்வளவு கருகியிருக்கு, தேய்மானமாம். யாரைக் காப்பாத்தறீங்க? அவன் வந்து மிரட்டினானா?"

"மிரட்டினது நீ. என் தங்கச்சி வீட்டு வாசல்ல உன் செருப்புத் தடத்தை நான் பாத்தேன்" என்று சின்னவன் வந்தான். "மாப்பிள்ளை, ஆம்பளையா இருந்தா பேரைச் சொல்லுங்க. பொண்டாட்டி முந்தானையில ஒளியாதீங்க."

"தேய்மானம்தான் மச்சான்..."

பளார் என்று ஒரு அறை விழுந்தது. சின்னவனின் கை. மெக்கானிக்கின் தலை ஃப்ளைவீலில் இடித்து நின்றது. "பேரைச் சொல்லுங்கன்னு சொன்னேன்ல" என்றான் சின்னவன்.

சாதுவான மனிதனுக்கும் ஒரு எல்லை உண்டு. பெண்டாட்டிக்காகச் சொன்ன ஒரே ஒரு பொய், அதற்கும் அறை. அவன் உதட்டைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். அவள், "என்னங்க, வேணாங்க" என்று கத்தியது அவன் காதில் ஏறவில்லை.

"யாருன்னுதானே கேக்கறீங்க? ரெண்டு பேரும்! பெரிய மச்சான், உங்களுக்குக் கால் மடங்காது. பெடலைத் தொட்டதுமே கிளட்ச் விடணும்னு உங்க வாரம் பொறந்ததும் நட்டை முறுக்கி ஆட்டத்தை எடுத்துடறீங்க. சின்ன மச்சான், நீங்க உங்க வாரத்துல நட்டைத் திருப்பி ஆட்டம் வைக்கறீங்க. சரி, நல்லது. வச்சுட்டு நாள் பூரா பெடல் மேலயே காலைத் தூக்கி வச்சுக்கிட்டு உழறீங்க. அவர் ஸ்பேனரால எடுத்ததை நீங்க செருப்பால எடுத்தீங்க. வருஷக் கணக்கா அந்த பேரிங் ஒரு நிமிஷம் ஒதுங்கி நிக்கல. ரெண்டு பேரும் சேந்துதான் தின்னிருக்கீங்க. போதுமா?"

 அண்ணனும் தம்பியும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். அந்த மாதிரி நேருக்கு நேர் பார்த்து எத்தனை காலமாயிற்று. சிரித்துவிடுவார்களோ என்றுகூட ஒரு கணம் அவளுக்கு ஆசை வந்தது. பாவம், ஆசைக்கு என்ன, அது வெட்கம் கெட்டது.

"என் நொண்டிக் காலைச் சொல்லிக் காட்டறியா?" என்றான் பெரியவன். மாப்பிள்ளைக்குக் கொடுக்கிற 'ங்க' காற்றில் போய்விட்டது.

"செருப்புன்னா சொன்ன என்னைப் பாத்து?" என்றான் சின்னவன்.

பெரியவன் மெக்கானிக்கின் சட்டையைப் பிடித்து ஃப்ளைவீலோடு சேர்த்து அழுத்தினான். சின்னவன் வயிற்றில் குத்தினான். பிறகு விலாவில், பிறகு முகத்தில். யாரும் சொல்லித் தராமலே ஒருத்தன் பிடிக்க ஒருத்தன் அடித்தான். கை வலித்தால் மாற்றிக்கொண்டார்கள். சின்ன வயதில் மரத்திலிருந்து காய் பறிக்கும்போது இப்படித்தான் ஒருத்தன் உலுக்க ஒருத்தன் பொறுக்குவான். அவள் பெரியவனின் முதுகில் தொங்கினாள். முழங்கை ஒன்று காதோடு வந்து விழுந்தது. தரையில் உருண்டாள். காதுக்குள் ஒரே இரைச்சல்.

கை அலுத்துப்போன சின்னவன் தடி தேடினான். சுற்றிலும் இரும்பாகக் கிடந்த கொட்டகையில் அவன் கண்ணுக்குப் பட்டது ஒரு மரத் துண்டு. பிடிக்க வாகாக, முன் அச்சுக்கு மேலே துருத்திக்கொண்டிருந்த ஆப்பு. காலை அச்சில் உதைத்துக்கொண்டு இரண்டு கையாலும் ஆட்டிப் பிடுங்கினான். தன் சொந்த எஞ்சினைத் தாங்கிக்கொண்டிருந்த கட்டையை, அதைப் பழுது பார்க்க வந்தவனை அடிப்பதற்காக. உலகத்தில் இந்த இரண்டு பேருக்கும்தான் இந்த மாதிரி புத்தி போகும்.

அந்தக் கட்டை மெக்கானிக்கின் முகத்தில் இறங்கியது. மூக்கு உடைந்த சத்தம் தரையில் கிடந்த அவளுக்கே கேட்டது. சின்னவன் மறுபடி ஓங்கினான். அப்போது எஞ்சின் முனகியது. அந்த முனகல் என்னவென்று தெரிந்த இரண்டு பேர்தான் அங்கே இருந்தார்கள். "விடுங்க! சாயுது!" என்று அவள் அலறினாள். மெக்கானிக் குருட்டுத்தனமாகப் பெரியவனை நெஞ்சில் தள்ளிவிட்டு மறுபக்கம் விழுந்தான். தாங்கி வழுக்கியது. முன்பாதி பக்கவாட்டில் உருண்டு, ஃப்ளைவீல் பக்கமாகத் தரையில் வந்து இடித்தது. பெரியவனின் உடம்பு தப்பியது, மெக்கானிக் தள்ளிவிட்டதால். மடங்காத அந்தக் காலை மட்டும் சட்டென்று இழுத்துக்கொள்ள முடியவில்லை.

அதன் பிறகு வந்தது மனிதக் குரல் மாதிரி இல்லை.

சின்னவன் கட்டையைப் போட்டுவிட்டு எஞ்சினுக்குத் தோள் கொடுத்து முக்கினான். "அண்ணே! அண்ணே!" என்று கதறினான். முக்கினால் நகர அது என்ன மூட்டையா? "தங்கச்சி, ஏதாவது பண்ணுடி!"

அவள் புருஷனைப் பார்த்தாள். கண் ஒன்று மூடிவிட்டது. மூக்கிலிருந்து வழிந்தது வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. ஜாக்கி அவளுக்குக் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அந்த ஒரு கணம் அதை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. பொய் சொல்வானேன். கிடக்கட்டும் என்றுதான் நினைத்தாள். இன்னும் கொஞ்சம் கத்தட்டும்.

பிறகு எடுத்தாள். பலகையை வைத்து, அதன்மேல் ஜாக்கியை நிறுத்தி, கம்பியை மேலும் கீழும் அடித்தாள். எஞ்சின் ஒரு விரற்கடை எழும்பியது, இன்னும் ஒரு விரற்கடை. மெக்கானிக் தவழ்ந்து வந்து, தன் ரத்தம் ஒட்டியிருந்த அதே கட்டையை எடுத்து இடுக்கில் செருகினான். பேச்சு வரவில்லை, கையை ஆட்டி, இழு என்றான். சின்னவன் அண்ணனை இழுத்து வெளியே போட்டான். பாதம் இருந்த இடத்தில் கிழிந்த செருப்பும் சதையும் ஒன்றாக இருந்தன.

அலறல் கேட்டு அக்கம்பக்கத்து ஆட்கள் ஓடி வந்தார்கள். பெரியவனைக் கட்டிலில் தூக்கிப் போட்டார்கள். சின்னவன் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு தேம்பினான். பெரியவன் தம்பியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டிருந்தான். கல்லும் கரையும் காட்சிதான்.

"என்னப்பா ஆச்சு?" என்றார் பக்கத்து நிலத்துப் பெரியவர்.

"மாப்பிள்ளை..." பெரியவன் வலியில் பல்லைக் கடித்தான். "மாப்பிள்ளை ஆப்பைச் சரியா அடிக்கல. எஞ்சின் சாஞ்சுடுச்சு."

"ஆமா" என்றான் சின்னவன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நான் அப்பவே பாத்தேன். லூசாதான் இருந்துச்சு. அவர் மூஞ்சியிலயும் விழுந்துடுச்சு பாவம்."

"தொழில்ல கவனம் வேணாமா?" என்று கூட்டத்தில் ஒருத்தர் உச்சுக்கொட்டினார். இன்னொருத்தர் மெக்கானிக்கை மேலும் கீழும் பார்த்தார். அவன் வாயைத் திறந்தான். உடைந்த பல்லும் ரத்தமும்தான் வந்தது.

இரண்டு அண்ணன்களும் ஒரே வாயாக ஒரு சொல் சொல்ல வேண்டும் என்று அவள் எத்தனை காலம் வேண்டியிருக்கிறாள். சொல்லிவிட்டார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

"அந்த ஆப்பை அடிச்சது நான்" என்றாள் அவள். குரல் கொட்டகைத் தகரத்தில் அதிர்ந்தது. "நான் அடிச்ச ஆப்பு சாயாது. பிடுங்கினது இவன். இவர் மூஞ்சியை உடைச்சது அந்தக் கட்டை. பெரியவன் பிடிச்சுக்கிட்டான், இவன் அடிச்சான். அப்படியும் இவர்தான் பெரியவனைத் தள்ளிவிட்டுக் காப்பாத்தினாரு."

கூட்டம் தரையைப் பார்த்தது. பெரியவன் கண்ணை மூடிக்கொண்டு, "பொம்பளை, பயத்துல உளறா. கூட்டிட்டுப் போங்க" என்றான்.

அவள் யார் கூட்டிப்போவதற்கும் காத்திருக்கவில்லை. புருஷனைத் தாங்கி நடத்தி, காலையில் வந்த பைக்கின் பின்னால் உட்கார வைத்து, அவன் கைகளைத் தன் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொள்ளச் சொன்னாள். வண்டியைக் கிளப்பும்போது சின்னவன் ஓடி வந்தான். முகத்தில் அழுகை இன்னும் காயவில்லை.

"தங்கச்சி, கோவத்துல போகாத. மாப்பிள்ளை மூஞ்சி ரெண்டு நாள்ல ஆறிடும். ஈரம் காயறதுக்குள்ள உழணும். வண்டியை யாரு சேத்துத் தர்றது?"

அவள் அவனைப் பார்த்தாள். பிரசவ அறையில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த அதே முகம். அவன் ரத்தம் இன்றைக்கும் அவள் உடம்பில் ஓடுகிறது; அதை என்ன செய்வது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

"எல்லாத்தையும் பிரிச்சீங்க. அது ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சு. முன்பாதி அவனுக்கு, பின்பாதி உனக்கு. ஆளுக்குப் பாதியை எடுத்துக்கிட்டு உழுங்க. என் வாசலுக்கு வராதீங்க."

பைக் மண் பாதையைத் தாண்டித் தார்ச்சாலைக்கு ஏறும்வரை அவள் அழவில்லை. பிறகு தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். தன் காயத்துக்காக அழுகிறாள் என்று நினைத்து, பின்னால் இருந்தவன் உடைந்த முகத்தை அவள் முதுகில் சாய்த்து, கையால் மெல்லத் தட்டிக் கொடுத்தான். அவள் அழுதது அவனுக்காக இல்லை, தானே அடைத்துவிட்டு வந்த அந்த இரண்டு கதவுக்காக. அதை அவனிடம் சொல்லவும் அவளுக்கு வாய் வரவில்லை.